சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) 4, இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) 32 வந்திருக்கிறது. ஐபிஎஸ், அதாவது குடல் எரிச்சல் நோய் என்கிறார் டாக்டர். அப்படியானால் குடலில் அழற்சி இருக்கிறதா?

திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வயது 40, ஒரு வருடமாக வயிற்றுவலி, காலையில் மூன்று நான்கு தடவை வயிற்றோட்டம். மதுரை லேப் ரிப்போர்ட்டில் சிஆர்பி லிட்டருக்கு 4 மி.கி., இஎஸ்ஆர் 32, ஹீமோகுளோபின் 9.8.

ஐபிஎஸ்ஸைக் காட்டிக்கொடுக்கும் அழற்சி டெஸ்ட் ரத்தத்தில் கிடையாது. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் ஐபிஎஸ் உள்ளவர்களிடம் சராசரியில் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நல்ல வயிறு உள்ளவர்களின் அளவும் அதே வரம்புக்குள்தான் கிடக்கிறது. தனியொருவருக்கு அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதற்கென்று பேக்கேஜ் டெஸ்ட் எடுப்பது காசைக் கரைப்பதுதான். சிஆர்பி எழுதித் தருவது, குரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க.

உங்கள் 4 நல்ல எண்தான். 5-க்குக் கீழே இருந்தால் அந்த நோய்களுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் யூனிட்டைப் பாருங்கள்: சில லேப்கள் டெசிலிட்டர் கணக்கில் கொடுக்கும். அதில் இதே அளவு 0.4 என்று வரும். அந்தக் கணக்கில் 4 என்று வந்தால் அது லிட்டருக்கு 40. சளி, காய்ச்சல், பல் வீக்கம் எது வந்தாலும் சிஆர்பி ஏறும். எனவே காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து எடுப்பது நல்லது. இன்னொரு பக்கம், மலக்குடலில் மட்டும் இருக்கும் கோலைட்டிஸில் சிஆர்பி ஏறாமலே இருக்கலாம்.

இஎஸ்ஆர் 32 உங்களைப் பயமுறுத்தியிருக்கும். ரத்தசோகை இருந்தாலே சிவப்பணுக்கள் வேகமாகப் படியும், எண் கூடும். நான் இந்த ரிப்போர்ட்டில் நிறுத்திப் பார்ப்பது ஹீமோகுளோபின் 9.8-ஐத்தான், அது ரத்தசோகை. ஐபிஎஸ் ரத்தத்தைக் குறைக்காது. மாதவிடாயில் அதிகம் போகிறதா, மலத்தில் ரத்தம் கலக்கிறதா, எடை குறைகிறதா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிப் போக வைக்கிறதா என்று டாக்டரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் டெஸ்ட்) பாருங்கள், ஆனால் சிஆர்பியோடு சேர்த்துத்தான். அழற்சி இருந்தால் இரும்புச்சத்து குறைந்தவருக்கும் ஃபெரிட்டின் நார்மலாகத் தெரியும்.

அடுத்து மலத்தில் கால்புரோடெக்டின், குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதம். விலை சிஆர்பியைவிடப் பல மடங்கு. குடல் விஷயத்தில் அதைவிட நம்பகமானது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி. 250-க்கு மேல் என்றால் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. இடையில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். இதில் பெரும்பாலும் கெடுப்பது முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென்: இரண்டு வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும். அசிடிட்டி மாத்திரையும் எண்ணை ஏற்றும். அதை நிறுத்தலாமா என்று எழுதிக்கொடுத்தவரைக் கேளுங்கள். மாதிரியில் சிறுநீர் கலக்கக் கூடாது. கறிதோசை ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டிருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள்.

கால்புரோடெக்டின் கூடினால் உடனே குரோன்ஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். குடல் காசநோயிலும் அது கூடும். நம் பக்கம் அதை மறக்கவே கூடாது. இரண்டையும் பிரிக்க கொலனோஸ்கோபியில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியின் குடல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம். பழைய சிபிசி (ரத்த அணுக்கள் எண்ணிக்கை) ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், 9.8 புதிதா, வருடக்கணக்கில் அப்படியேதானா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.