கார் பார்க்கிங் தரையில் எபாக்ஸி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரை வாசகர்: போன வருஷம் கார் பார்க்கிங்கில் சாம்பல் நிற எபாக்ஸி (இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் ரெசின் பெயிண்ட்) அடித்தோம். ஆறு மாதம் பளபளவென்று இருந்தது. இப்போது நான்கு டயரும் நிற்கிற இடத்தில் மட்டும் அப்பளம் மாதிரி உரிந்து வருகிறது. பெயிண்ட் மட்டமா?

உரிந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சாம்பல் தூள் ஒட்டியிருந்தால் பெயிண்டின் மேல் குற்றமில்லை, தரைதான் விட்டுக்கொடுத்திருக்கிறது. நம் ஊரில் தரை போட்டு முடிக்கும்போது கொத்தனார் உலர்ந்த சிமெண்டைத் தூவி, கரணையால் தேய்த்து ‘நைஸ்’ பண்ணுவார். நடப்பதற்கு அது நல்ல தரைதான். ஆனால் மேலே நிற்கிற அந்த சிமெண்ட் பால் ஒரு மெல்லிய தோல், அதற்கு வலு கிடையாது. எபாக்ஸி அந்தத் தோலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தோல் கீழே உள்ள கான்கிரீட்டை அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. இழுத்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

துண்டின் அடிப்பக்கம் தூளே இல்லாமல் வழவழவென்று இருந்தால், தரையைத் தேய்க்காமலே பூசியிருக்கிறார்கள். இல்லையென்றால் எண்ணெய்க் கறை மேல் பூசியிருக்கிறார்கள்.

டயர் இடத்தில் மட்டும் ஏன் என்றால், வெயிலில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அந்தச் சூடும் ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளும் சேர்ந்து பூச்சை இளக்கும். இரவில் டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சைக் கவ்வி இழுக்கும். பிடிப்பு குறைந்த தரை முதலில் அங்கேதான் தோற்கும்.

உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் மறுபடி பக்கத்தில் உரியும். முழுவதையும் டைமண்ட் கப் வீல் (வைரத்துகள் பதித்த கிண்ண வடிவச் சக்கரம்) போட்ட கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். விரலால் தடவினால் 120-ஆம் நம்பர் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு தட்டுப்பட வேண்டும். வாக்குவம் இணைத்த கிரைண்டரையே வாடகைக்குக் கேளுங்கள். சிமெண்ட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும்.

திருப்பூர் வாசகர்: கிரைண்டிங்குக்குப் பதிலாக பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்கிறார் பெயிண்டர். சரியா?

முடியும், ஆனால் எனக்குப் பிடித்த வழி இல்லை. ஆசிட் பட்ட இடமெல்லாம் ஒரே மாதிரி அரிக்காது. எண்ணெய் இருக்கும் இடத்தில் வேலையே செய்யாது. அதன் ஆவியில் பக்கத்தில் நிற்கும் வண்டியும் இரும்பு கேட்டும் துருப்பிடிக்கும். கிரைண்டர் கிடைக்காத ஊரில் வேறு வழியில்லை என்றால் செய்யுங்கள். அப்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட் படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. நுரை அடங்கியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் முறித்து, நன்றாகத் தேய்த்துப் பலமுறை அலசுங்கள். அப்புறம் தரை காய நாள் கொடுங்கள்.

எந்த முறையில் செய்தாலும் கடைசியில் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு தரைக்குள் இறங்கி, அந்த இடம் கறுக்க வேண்டும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் மிச்சம் இருக்கிறது. எண்ணெய்க் கறையைக் கிரைண்டிங்குக்கு முன்பே டிகிரீஸர் (எண்ணெய் நீக்கும் திரவம்) போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அப்படியே தேய்த்தால் கிரைண்டர் அதைத் தரை முழுவதும் இழுத்துவிடும்.

வேளச்சேரி வாசகி: எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் மழைக்காலம் வந்தாலே ஓதம். எபாக்ஸி அடித்தால் ஈரம் நிற்குமா?

நிற்காதும்மா. இதை நம்பித்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். எபாக்ஸி மேலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும். கீழே மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக ஏறி வரும் ஈரத்துக்கு மூடி போட்டால், அது மூடியைத் தூக்கிவிடும். முதலில் கொப்புளம், பிறகு உரிதல்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடி சதுரத்துக்குக் கனமான பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். மாலையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் பனித்துளி கோத்திருந்தாலோ, அடியில் தரை சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். மூன்று நான்கு இடத்தில் ஒட்டுங்கள், சுவர் ஓரத்தையும் விடாதீர்கள். மே மாதத்தில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு பார்த்தால்தான் உண்மை தெரியும்.

லேசான ஈரம் என்றால் ஈரம் தாங்கும் எபாக்ஸி பிரைமர் இருக்கிறது, அதைப் போட்டு மேலே போகலாம். வருஷம் முழுக்கத் துளி கோக்கிறது என்றால் எபாக்ஸி ஆசையை விட்டுவிடுங்கள். பார்க்கிங் டைல்ஸோ பேவர் பிளாக்கோ உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

திருச்சி வாசகர்: பூசிய மறுநாள் தரை முழுக்க ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோமே?

காலையில் ஆரம்பித்ததுதான் காரணம். கான்கிரீட்டில் நுண்துளைகள் நிறைய. வெயில் ஏற ஏற தரை சூடாகி, உள்ளே உள்ள காற்று விரிந்து பூச்சு வழியாகக் குமிழ் விட்டு வெளியேறுகிறது. மாலை நாலு மணிக்கு மேல் தரை ஆறத் தொடங்கும்போது பூசினால், காற்று சுருங்கும், பூச்சும் உள்ளே இழுக்கப்படும். ஆனால் மழை மேகமோ ராத்திரிப் பனியோ இருக்கும் நாளில் மாலையிலும் வேண்டாம். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சு மேல் பிசுபிசுப்பாக வெள்ளைப் படலம் படியும்.

இப்போதைக்கு உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி புட்டியால் ஓட்டைகளை அடைத்து, இன்னொரு கோட் கொடுத்தால் சரியாகும்.

கோவை வாசகர்: கலந்து வைத்த பெயிண்ட் பக்கெட்டிலேயே சூடாகி, கல்லாகிவிட்டது.

ஹார்ட்னர் (எபாக்ஸியை இறுக வைக்கும் இரண்டாவது பாகம்) சேர்ந்ததும் வேதிவினை தொடங்கி வெப்பம் வரும். பக்கெட்டில் குவியலாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் வினை இன்னும் வேகமாகும். கலந்தபின் பூசி முடிக்க டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. நம் 35 டிகிரியில் அதில் பாதிதான் கிடைக்கும். அரை மணி நேரத்தில் பூசக்கூடிய அளவு மட்டும் கலந்து, உடனே தரையில் ஊற்றிப் பரப்பி ரோலர் போடுங்கள். விகிதத்தைக் கண் மதிப்பில் பார்க்காதீர்கள். டப்பாவில் எடைக்கணக்கா அளவுக்கணக்கா என்று படித்து, அதன்படி கலக்குங்கள். ஹார்ட்னரைக் கூடுதலாக விட்டால் சீக்கிரம் காயும் என்பது தப்பு, பூச்சு கடைசிவரை மெத்தென்றே இருக்கும். கையில் நைட்ரைல் கையுறை போடுங்கள். எபாக்ஸி தோலில் தொடர்ந்து பட்டு ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் அது பிறகு போகாது.

நாகர்கோவில் வாசகி: முன்வாசல் போர்டிகோ பாதி வெயிலில் இருக்கிறது. வெள்ளை எபாக்ஸி அடிக்கலாமா?

வெயில் பட்டால் எபாக்ஸி மஞ்சளித்து மங்கும். மேலே ஒரு கோட் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் கொடுங்கள், கடையில் பியூ டாப்கோட் என்று கேட்டால் தெரியும். எப்படியும் வெள்ளை வேண்டாம், சாம்பலில் டயர்க் கறை அவ்வளவாகத் தெரியாது. உங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. வழுக்காமலிருக்க நடுக் கோட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த சிலிக்கா மணலைச் சீராகத் தூவி, காய்ந்தபின் மிச்சத்தைப் பெருக்கிவிட்டு மேல் கோட் அடியுங்கள். வாசலில் பெரியவர்கள் நடப்பார்கள், இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: பத்துக்கு இருபது அடி பார்க்கிங். புதுக் கான்கிரீட். எத்தனை லிட்டர் வேண்டும், எப்போது ஆரம்பிக்கலாம்?

கான்கிரீட் போட்டு 28 நாளாவது போக வேண்டும். அதற்குப் பிறகும் பாலித்தீன் சோதனை செய்துவிட்டே தொடங்குங்கள். 200 சதுர அடி என்பது சுமார் 18.6 சதுர மீட்டர். காய்ந்தபின் 100 மைக்ரான், அதாவது ஜெராக்ஸ் தாள் கனம் வேண்டுமென்றால், கரைப்பான் (தின்னர்) கலக்காத எபாக்ஸி ஒரு கோட்டுக்கு 1.9 லிட்டர் ஆகும். பாதி கரைப்பான் உள்ள பெயிண்ட் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. தேய்த்த தரை குடிக்கும், பத்துப் பதினைந்து சதவீதம் கூட வாங்குங்கள். பிரைமர் தனிக் கணக்கு.

ஒரு நாள் கழித்து நடக்கலாம். காரை ஏழு நாள் தெருவில் நிறுத்துங்கள்.