ரவுட்டரின் ஃபர்ம்வேரை (அதற்குள் ஓடுகிற மென்பொருளை) அப்டேட் செய்தபிறகு வீட்டு வைஃபை ரொம்ப மெதுவாகிவிட்டது. புது ரவுட்டர் வாங்க வேண்டியதுதானா?

வாங்காதீர்கள். இந்த வாரம் மட்டுமாவது வாங்காதீர்கள்.

எத்தனை எம்பிபிஎஸ் பிளான், வீடு எவ்வளவு பெரிது என்றெல்லாம் நீங்கள் எழுதவில்லை. அது கிடக்கட்டும். ரவுட்டரிலிருந்து நேராகக் கணினிக்கு லேன் கேபிளைச் செருகிப் பார்த்தீர்களா என்பதையும் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நானும் ஆறு நாள் பார்க்கவில்லை. பார்க்காமலேயே பதினோராயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வீடு முழுக்க வைஃபை பரப்ப இரண்டு மூன்று பெட்டிகளாக வருகிற ஒரு மெஷ் செட்டைக் கார்ட்டில் போட்டு வைத்திருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நெட்வொர்க் ஆள் இல்லை. படித்தது மைக்ரோபயாலஜி, பார்ப்பது மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டுகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுகிற வேலை, திருச்சியில் வீட்டிலிருந்தே. ("கோடிங்னா ஜாவாவா?" இல்லைங்க.) எனவே கீழே எங்கேயாவது முன்னே பின்னே இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். "இதுகூடத் தெரியாமலா" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரவுட்டர் செயலியில் சிவப்புப் புள்ளி. புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதாம். அமுக்கினேன். பத்து நிமிஷமாகியும் ஒன்றும் நகரவில்லை என்று டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை முன்னே இழுத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். (கரண்டைப் பிடுங்கவில்லை. அப்டேட் பாதியில் இருக்கும்போது பிடுங்கக் கூடாது என்ற அளவுக்கு விவரம் உண்டு.) கடைசியில் முடிந்தது. மறுபடி உள்ளே தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். இந்த இழுத்ததையும் தள்ளியதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை லாகின் செய்தால் ஒரு சார்ட் திறக்க அரை நிமிஷம். 200 எம்பிபிஎஸ் பிளானில் 26 வருகிறது. சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் வந்து உட்கார்ந்தபிறகு 9. எங்கள் வேலையில் நாளுக்கு இத்தனை சார்ட் என்று கணக்கு உண்டு. நெட் மெதுவாக இருந்தது என்பதை முதல் நாள் டீம் லீட் கேட்டுக்கொள்வார். இரண்டாம் நாள் முகம் மாறும். மூன்றாம் நாள் "ஆபீஸுக்கே வந்துடறீங்களா?" என்பார். வீட்டில் நடக்க முடியாத மாமியாரை வைத்துக்கொண்டு அது என்னால் ஆகாது.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். புதன்கிழமை ஒரு பையன் வந்தான். அவர்கள் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பெட்டியின் சொந்த வைஃபையில் தன் போனை இணைத்து 198 காட்டினான். "எங்க சைடு கிளியர் மேடம், உங்க ரவுட்டர்தான் பழசு" என்றான். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "சார் எப்ப வருவாங்க? அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றான். அந்த ரவுட்டரை வாங்கியது நான், மாட்டியது நான், மாதாமாதம் பில் கட்டுவதும் நான். சாருக்கு வைஃபை பாஸ்வேர்டே தெரியாது.

கொழுந்தனார் பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறார். போனில் கேட்டால், "அண்ணி, அதெல்லாம் வைஃபை 5. தூக்கிப் போட்டுட்டு மெஷ் வாங்கிடுங்க" என்று லிங்க் அனுப்பினார். (வைஃபை 5 என்றால் வைஃபை 6க்கு முந்தைய தலைமுறை.) கார்ட்டில் போட்டது அப்போதுதான்.

சனிக்கிழமை லீவு. வாங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று லேன் போர்ட் இருக்கிற வீட்டுக்காரரின் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் வேகம் பார்த்தேன். ஃபைபர் பெட்டியில் நேராகக் கேபிள் செருகி: 196. என் ரவுட்டரில் கேபிள் செருகி: 94. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில்: 26.

இந்த மூன்று எண்ணை எழுதிப் பார்த்ததும்தான் நோய் ஒன்றல்ல, இரண்டு என்று புரிந்தது. லைனில் குறையில்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வருவதற்குள் பாதி போய்விட்டது, ரவுட்டரிலிருந்து காற்றில் ஏறும்போது மிச்சத்தில் பெரும்பங்கு போய்விட்டது.

94 என்பது சும்மா வருகிற எண் இல்லை. 93, 94, 95 என்று எப்போது பார்த்தாலும் அங்கேயே நின்றால், எங்கேயோ ஒரு போர்ட் 1000க்குப் பதில் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். நூறில் ஐந்தாறு, தகவலைச் சுற்றிக் கட்டுகிற மேலுறைகளுக்கே போய்விடும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓட எட்டும் வேண்டும். நூறுக்கு நான்கு கம்பி போதும். நூறுக்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று அறுந்தால், பெரும்பாலும் இரண்டு கருவியும் தமக்குள் பேசி, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். நெட் வந்துகொண்டே இருப்பதால் நமக்குச் சந்தேகமே வராது. ஞாயிறு ராத்திரி நான் ரவுட்டரை இழுத்துத் தள்ளியதில் ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வருகிற கேபிள், டிவி ஸ்டாண்டின் கால் அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. அப்டேட்டின் மேல் நான் போட்ட பழியில் பாதி என் பழி. புது கேபிள் நூற்றைம்பது ரூபாய். ரவுட்டரில் செருகிப் பார்த்தால் 195.

மீதிப் பாதி அப்டேட்டின் வேலைதான். வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஓடும், 5தான் வேகம். முன்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்திருந்தேன். அப்டேட் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. எதில் போவது என்று கருவிகளே முடிவு செய்துகொள்ளுமாம். கூடவே 5 ஜிகாஹெர்ட்ஸின் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் ஓடுகிற தடத்தை, ஆட்டோவில் போட்டு, அது சேனல் 100க்குப் போய் உட்கார்ந்திருந்தது. 52இலிருந்து 144 வரை உள்ள சேனல்களில் ரேடாருக்குத்தான் முன்னுரிமை. ரவுட்டர் முதலில் ஒரு நிமிஷமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், ரேடார் சத்தம் கேட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதனாலோ என்னவோ, சில கருவிகள் அந்தச் சேனல்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் ஆபீஸ் லேப்டாப்பும் வீட்டுக்காரரின் லேப்டாப்பும் அந்த ஜாதி. 5 ஜிகாஹெர்ட்ஸ் இருப்பதே தெரியாமல் இரண்டும் 2.4இல் போய் விழுந்து, அக்கம்பக்கத்துப் பதினேழு வைஃபையோடு முட்டிக்கொண்டிருந்தன.

பெயர்களைப் பிரித்தேன். 5 ஜிகாஹெர்ட்ஸில் ரேடார் தொல்லை இல்லாத சேனல் 36, சேனலின் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். 2.4இல் அகலம் 20, சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைவாக இருந்த 11. ரவுட்டருக்குப் பக்கத்தில் வைஃபையில் 180க்கு மேல் வந்தது. இரண்டு சுவரும் ஒரு இரும்பு பீரோவும் தாண்டி நான் வேலை செய்கிற உள் அறையில் 70. மொத்தமாக முக்கால் மணி நேர வேலை.

உங்களுக்கும் இதேதான் என்று சொல்லவில்லை. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பக்கத்தையும் பாருங்கள். வைஃபையைப் பூட்டுகிற முறை டிகேஐபி (பழையது) என்று இருந்தால் ஏஇஎஸ் (புதியது) என்று மாற்றுங்கள், டிகேஐபியில் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. க்யூஓஎஸ் (எதற்கு முதலில் வேகம் என்று பங்கிடுவது), குழந்தைக் கட்டுப்பாடு மாதிரி எதையாவது அப்டேட் தானாக இயக்கிவிட்டதா என்றும் பாருங்கள். சில ரவுட்டர்களில் அவற்றை இயக்கினால், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் வேகமாகக் கடத்துகிற வசதி நின்றுபோகும். எதுவும் சரிவராவிட்டால் செட்டிங்ஸைக் குறித்துவைத்துக்கொண்டு ஒரு ஃபேக்டரி ரீசெட். அப்டேட்டே செய்யக் கூடாது என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதுதான்.

புதிது வாங்குவது பற்றி. உங்கள் போனும் லேப்டாப்பும் இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 என்றால், 80 மெகாஹெர்ட்ஸில் அவை 866 எம்பிபிஎஸ் வரை இணையும். நிஜத்தில் பாதி கிடைத்தாலும் 200 பிளானுக்கு அது இரட்டிப்பு. அங்கே வைஃபை 6 ரவுட்டர் வந்து எதைக் கிழிக்கப் போகிறது? கம்பெனி உங்கள் மாடலுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டால் வாங்குங்கள். ஒரே நேரத்தில் இருபது முப்பது கருவிகள் ஓடினாலும் வாங்கலாம். மெஷ் என்றால் நடுவே கேபிள் இழுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே ரேடியோவில் சிக்னலை வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கிற மெஷ்ஷில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நானும் உள் அறைக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சுவரில் விரல் பருமனுக்கு ஓர் ஓட்டை. ஹவுஸ் ஓனர் முடியாது என்றுவிட்டார். ஆணியே அடிக்கக் கூடாதாம், ஓட்டையா? போன வீட்டில் காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள், நாலு ஆணி ஓட்டையைக் காரணம் காட்டி. அதில் இரண்டு எங்களுக்கு முன் இருந்தவர்கள் காலண்டர் மாட்டியது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அதே வரியிலேயே "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை" என்றும் சொல்கிறது. நான் கேட்டதைவிடப் பெரிய ஓட்டை அது. பத்து மாத அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கேபிள் நுழைய இடம் தராதவர்களை என்னவென்று சொல்வது?

சரி, இது உங்கள் கேள்வி இல்லை. கடைசியில் கேபிளைக் கதவுகளுக்கு மேலே இருக்கிற வென்டிலேட்டர் வழியாக இழுத்து, ஒட்டுகிற கிளிப் போட்டு நிறுத்தினேன். அந்தக் கிளிப்பும் பெயிண்டைப் பிய்க்கும் என்று கொழுந்தனார் சொல்கிறார். பிய்க்கட்டும்.

நீங்கள் அந்த மூன்று எண்ணை எடுத்து கமெண்டில் போடுங்கள். வீட்டில் லேன் போர்ட் உள்ள லேப்டாப் இல்லாவிட்டால், யூஎஸ்பியில் மாட்டுகிற லேன் அடாப்டர் கிடைக்கும், ஜிகாபிட் என்று கேட்டு வாங்குங்கள். நூறு எம்பிபிஎஸ் அடாப்டரை வாங்கினால் எங்கே செருகினாலும் 94தான் வரும், என்னை வந்து திட்டுவீர்கள்.