பக்கத்துக் கட்டில் அக்காவிடம் என்ன சொல்வேன்?

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா, இட்லிக் கடை நடத்தியவர், இந்து. என் கையில் வேதாகமத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஏசு சாமி உனக்கே சுகம் தரலையேம்மா" என்றார். கேலியாக இல்லை, வருத்தமாகத்தான். எனக்குப் பதில் வரவில்லை. சபையிலோ, "நல்ல வாய்ப்பு, கைப்பிரதி கொடு, விசுவாசித்தால் சுகமென்று சொல்லு" என்கிறார்கள். சுகமாகாத நான் எந்த முகத்தோடு சொல்வேன்?
- ஒரு சகோதரி, நெல்லை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

'விசுவாசித்தால் சுகம்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி அவர் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன ஆகுமென்று சபையாருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். அவர் கேட்டால் கையைப் பிடித்து ஜெபியுங்கள், தாராளமாக. ஆனால் ஜெபத்தைச் சிகிச்சைக்கு மாற்றாகக் காட்டுவது ஊழியமே அல்ல.

'சுகமாகாத நான்' என்று கூசுகிறீர்கள். வேதாகமத்தில் பல நிருபங்களை எழுதிய அப்போஸ்தலன் பவுலும் சுகமாகாதவர்தான். 'மாம்சத்தில் ஒரு முள்' என்று அவர் சொன்ன தீராத உபாதையை எடுத்துவிடும்படி ஆண்டவரிடம் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் போனதாக எழுதப்படவில்லை. உங்கள் மாவட்டத்திலேயே, டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அவருக்காக ஜெபிக்க ஆளா இல்லை? ஒரு பெரிய குடும்பமே ஜெபித்தது. ஆனாலும் 1951 ஜனவரியில் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையோடுதான் இருந்தார். அந்தப் படுக்கையிலிருந்துதான் அத்தனை கடிதங்களும், பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களும் வந்தன. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா?

அக்கா கேட்டது நேர்மையான கேள்வி. பதிலும் நேர்மையாக இருக்கட்டும். "எனக்கும் தெரியலக்கா. ஏன்னு நானும் அவர்கிட்டயே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா ராத்திரி தூக்கம் வராம கிடக்கும்போது பேசுறதுக்கு அவர் இருக்காரு." உங்கள் அனுபவம் இதுதான் என்றால் இவ்வளவு போதும். இல்லையென்றால் உங்களுக்கு எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். ஒரு நாள் எதுவுமே உண்மையாகத் தோன்றவில்லையா? 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

சரி, கைப்பிரதி. கையில் இரண்டு ஊசி, நாலு மணி நேரம். அந்த அக்காவால் எழுந்து போக முடியாது, நர்ஸைக் கூப்பிட்டு 'கட்டிலை மாற்றுங்கள்' என்று சொல்லவும் கூச்சப்படுவார். எழுந்துபோக முடியாதவரிடம் பிரசங்கம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பேதுரு தம் நிருபத்தில், நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். அக்கா ஒன்று கேட்டார், அதற்குப் பதில் சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்டால் மேற்கொண்டு பேசுங்கள். பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள், இட்லி மாவுக்கு உளுந்து எவ்வளவு போடுவார் என்று விசாரியுங்கள். வார்டில் சத்தமாக ஜெபிக்கவே வேண்டாம். பிரஷர் இறங்கித் தலைசுற்றிக் கிடக்கும் மற்றவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இன்னொன்று. அக்கா புதிதாக வந்தவர் என்றால், உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது. பார்க்க வருகிறவர்கள் அன்பாக இளநீர் கொண்டு வருவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது ஆகாது என்று யாராவது சொல்ல வேண்டுமே. தாகத்துக்குச் சொம்பு சொம்பாகக் குடிக்காமல் ஒரு சின்ன ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம், அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் வரும். அட்டை இல்லையென்றால் எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர் மகனுக்கு விவரம் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பதிலாக அவர் சபைக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். வந்தாலும் வராவிட்டாலும் அக்கா அக்காதான்.

சபையாருக்கு வேலை வேண்டுமென்றால் நான் தருகிறேன். டயாலிசிஸ் முடிந்து கால் இழுத்துப் பிடிக்கிற நேரத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்புவது பெரிய பாடு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லி, உங்களுக்கு ஓர் ஆட்டோ ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஒரே வழியென்றால் அந்த அக்காவும் அதிலேயே வரட்டும்.