மெயில்மேன்: செக்_பெர்ம்ஸ் எத்தனை முறை ஓட்டினாலும் அதே பிழையா?

வணக்கம் நண்பரே. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டு போட்டு, மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மெயில்மேன் 2.1 மென்பொருளை சி டிரைவில் நிறுவியிருக்கிறீர்கள். கோப்பு அனுமதிகளைச் சரிபார்க்கும் அதன் செக்_பெர்ம்ஸ் நிரல், பிழைகளைத் திருத்தியதாகச் சொல்லியும் அடுத்த முறை அதே பிழைப் பட்டியல் வருகிறது என்கிறீர்கள். கோளாறு மெயில்மேனில் இல்லை, நீங்கள் அதை வைத்த இடத்தில்தான்.

சி டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையில் இருக்கிறது. டபிள்யூஎஸ்எல் அதை மவுன்ட் செய்யும்போது (லினக்ஸோடு இணைக்கும்போது), 'மெட்டாடேட்டா' என்ற தெரிவு இல்லாவிட்டால் லினக்ஸ் அனுமதிகளைச் சேமிக்காது. அனுமதிகளை மாற்றும் சிஹெச்மோட் கட்டளை பிழை காட்டாமலே முடியலாம், ஆனால் அனுமதிகள் மாறியிருக்காது. நானும் ஒரு ராத்திரி முழுக்க இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்! டபிள்யூஎஸ்எல் கான்ஃப் கோப்பில் அந்தத் தெரிவைச் சேர்க்கலாம்தான். ஆனால் மெயில்மேனை மொத்தமாக உபுண்டுவின் சொந்த வட்டுக்கு, அதாவது வார் (/var) அடைவுக்குள், கொண்டுபோய் நிறுவுவதே என் யோசனை.

அதன்பின் லாகில் (பதிவுக் கோப்பில்) 'குரூப் மிஸ்மேட்ச்', அதாவது குழு பொருந்தவில்லை, என்று வந்தால் பயப்படாதீர்கள். மெயில் சர்வர் எந்த லினக்ஸ் பயனர் குழுவாக இயங்கியது என்று அந்த வரியிலேயே இருக்கும். அந்தப் பெயரை கன்ஃபிகர் கட்டளையின் மெயில்-ஜிஐடி தெரிவில் கொடுத்து, கன்ஃபிகர், மேக் இன்ஸ்டால் என்ற நிறுவும் கட்டளைகள் இரண்டையும் மறுபடி ஓட்டுங்கள்.

மெயில் வரிசையிலேயே தேங்கினால் வரிசையில் உள்ள மெயில்களைக் கையாளும் மெயில்மேனின் க்யூரன்னர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: டெர்மினல் சன்னல்களை எல்லாம் மூடினால் சற்று நேரத்தில் டபிள்யூஎஸ்எல் தானே அணைந்துவிடும், பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவைகள் அதைத் தாங்கிப் பிடிக்காது. சோதனைக்கு இது போதும். நிஜமான மின்னஞ்சல் குழுவுக்கென்றால் தனி லினக்ஸ் கணினியில் மெயில்மேன் 3 போடுங்கள், 2.1 நம்பியிருக்கும் பைத்தான் 2-க்கு 2020-லேயே ஆதரவு நின்றுவிட்டது.