பன்னிரு தந்தி கிட்டாரின் நட்டை மாற்றியதில் குறைபாடு: கடைக்காரரிடம் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். என்னிடம் பழைய ரிக்கன்பேக்கர் 360/12 எலக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகள்) தந்திகளை அழுத்தச் சிரமமாக இருந்ததால், வாசிக்க எளிதாகும்படி நட்டை (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) மாற்றித் தரச் சொல்லிச் சென்னைக் கடை ஒன்றில் கொடுத்தேன். ஜிபே மூலம் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள் பில் தரவில்லை. திரும்பி வந்த கிட்டாரில் மூன்று தந்திகள் கரகரக்கின்றன; நட்டின் ஓரத்தில் வார்னிஷ் பெயர்ந்திருக்கிறது; பழைய நட்டைத் தூக்கி எறிந்துவிட்டார்களாம். கழுத்து வளைந்திருப்பதே காரணம், அதைச் சரிசெய்ய மேலும் 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வார இறுதிகளில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கிட்டாரை இப்போதைக்கு வேறு யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள், தந்திகளைக்கூட மாற்றாதீர்கள். உங்கள் வழக்கின் முதன்மைச் சான்று அந்தச் சிறிய நட்டும் அதில் தந்திகள் அமர அறுக்கப்பட்டுள்ள பன்னிரண்டு காடிகளும் (சிறு பள்ளங்களும்)தான். வேறொருவர் அதைக் கழற்றிவிட்டால், முதல் கடைக்காரர் செய்த பிழை எது, அடுத்தவர் செய்தது எது என்று பிரித்துக்காட்ட வழியில்லாமல் போய்விடும்.

பணம் பெற்றுக்கொண்டு செய்யப்பட்ட வேலை என்பதால் இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் ‘சேவை’ ஆகும். ஆனால் ‘வாசிக்க எளிதாகவில்லை’ என்பதை மட்டும் புகாராக எழுதினால் அது நிற்பது கடினம். எளிமை என்பது வாசிப்பவரின் விரலையும் பழக்கத்தையும் பொறுத்தது. அந்த மாடலில் நட் இருக்கும் இடத்தில் கழுத்தின் அகலமே சுமார் 41 மில்லிமீட்டர்தான். பன்னிரண்டு தந்திகள் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், எவ்வளவு தேர்ந்த கைவினைஞரும் அந்த நெருக்கத்தை நீக்கிவிட முடியாது. சட்டத்தின் பிரிவு 2(11) குறைபாடு என்று சொல்வது, ஒப்புக்கொண்டபடியோ சட்டப்படியோ இருக்க வேண்டிய தரத்திலிருந்து வேலை குறைந்து நிற்பதைத்தான். ஆகவே உங்கள் ஏமாற்றத்தை விட்டுவிட்டு, அளந்து காட்டக்கூடிய பிழைகளை மட்டும் முன்வையுங்கள்.

அவை உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. விரல் வைக்காமல் மீட்டும்போது கரகரக்கும் தந்தி, முதல் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும்போது தெளிவாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். தெளிவாக ஒலித்தால், காடி அளவுக்கு மீறி ஆழமாக அறுக்கப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அழுத்திய பிறகும் கரகரப்புத் தொடர்ந்தால், கழுத்தைப் பற்றிய கடைக்காரரின் வாதத்தில் உண்மை இருக்கக்கூடும். அதை நீங்கள் வழக்குக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மற்றொன்றையும் கவனியுங்கள். பன்னிரு தந்தி கிட்டார்களில் தந்திகள் இரண்டிரண்டாக, ஆறு ஜோடிகளாக இருக்கும். பொதுவாகக் கீழ்ச்சுர ஜோடிகளில் மெல்லிய தந்தி மேற்புறமாகவும் தடித்த தந்தி அதன் கீழும் இருக்கும். ரிக்கன்பேக்கரில் இந்த வரிசை தலைகீழ். புதிய நட்டில் காடிகள் வழக்கமான வரிசையில் அறுக்கப்பட்டிருந்தால், கிட்டாரை அறியாமலேயே வேலை செய்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தச் சோதனையை நீங்களே வீடியோ எடுத்து வைப்பதோடு, இந்தக் கடையோடு தொடர்பில்லாத கிட்டார் கைவினைஞர் ஒருவரிடம் கிட்டாரைக் காட்டி, எதையும் கழற்றாமல், தந்திகளின் தடிமன், காடிகளின் ஆழம், கழுத்தின் நிலை, பெயர்ந்த வார்னிஷ் ஆகியவற்றைக் குறித்த எழுத்துமூல அறிக்கை வாங்கி, அதையே பிரமாணப் பத்திரமாகவும் பெற்றுக்கொள்ளுங்கள். சேவைக் குறைபாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு புகார்தாரரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவுபடுத்தியுள்ளது. வாட்ஸ்அப் உரையாடல்களையும் வீடியோவையும் தாக்கல் செய்யும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமம், 2023-இன் பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கோரும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

வார்னிஷுக்கும் பழைய நட்டுக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 துணை நிற்கிறது. பழுதுபார்க்க வாங்கிய பொருளைத் தன் பொருளைப் போல் பேணவேண்டிய கடமையைப் பிரிவு 151 கடைக்காரர்மேல் சுமத்துகிறது. வேலை முடிந்ததும் பொருளைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது பிரிவு 160. கழற்றிய பழைய நட்டும் உங்கள் உடைமைதான். பழைய கிட்டார் ஒன்றின் மூல உதிரிப்பாகத்தை உரிமையாளரைக் கேட்காமல் எறிவது சிறிய விஷயமல்ல; விற்கும்போது அதன் மதிப்பு குறையும். பில் தராததும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறையே. பில் இல்லை என்பதற்காக நீங்கள் தயங்க வேண்டாம். ஜிபே பதிவு போதும்.

‘இவர் சம்பளத்துக்கு வாசிப்பவர், நுகர்வோர் அல்ல’ என்ற வாதம் எதிர்த்தரப்பிலிருந்து வரலாம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மையே. ஆனால் சேவை பெற்றதன் முதன்மை நோக்கம் எது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியுள்ளது. வார இறுதி வாசிப்பு பெருநிறுவன வணிகமல்ல. உங்கள் சொந்தக் கிட்டாரை நீங்களே வாசிப்பதற்காகத்தான் கொடுத்தீர்கள் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

கடை சென்னையில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்ய அனுமதிப்பதால், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. கிட்டார் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பாருங்கள். வழக்கில்லாமல் தீர்ந்தால் நல்லதுதான்.

கொடுத்த 4,000 ரூபாய், அறிக்கையைத் தந்தவர் மதிப்பிடும் புதிய நட்டின் செலவு, வார்னிஷ் செப்பனிடும் செலவு, இழந்த மூல நட்டின் மதிப்பு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் மற்ற கோரிக்கைகளின் நம்பகமும் குறையும் என்பது என் கருத்து. 18,000 ரூபாய்க் கழுத்து வேலைக்கு இப்போது சம்மதிக்கவே வேண்டாம். அதற்குச் சம்மதித்தால், கழுத்தில்தான் பழுது என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டதாக அவர்கள் வாதிட இடமாகும்.

இவற்றையெல்லாம் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் தந்து, பதிவு வசதியுடன் விரைவுத்தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நோட்டீஸ் அனுப்பி, டெலிவரிச் சான்றையும் பெற்றுக்கொள்ளுங்கள். கைவினைஞரின் அறிக்கை கைக்கு வந்த பிறகே அதை அனுப்ப வேண்டும். அறிக்கையின் நகலையும் அத்துடன் இணைத்துவிடுங்கள்.