சராசரி ஒன்றுதான், வீச்சு வேறு: எந்த ஃபண்டில் போடலாம்?

கேள்வி: கையில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. மகள் அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். அவளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கான பணம் இது. இரண்டு ஃபண்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் முதலாவது 8, 11, 9, 12, 10 சதவீதம் தந்திருக்கிறது. இரண்டாவது 34, மைனஸ் 18, 22, மைனஸ் 6, 18. இரண்டுக்கும் சராசரி 10தான். எதில் போட்டாலும் ஒன்றுதானே?
வாசகி, ஈரோடு

பதில்: இல்லைங்க. சராசரியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். அதோடு வீச்சையும் பாருங்கள். பத்தாம் வகுப்பில் படித்ததுதான்: இருப்பதிலேயே பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும். முதல் ஃபண்டுக்கு 12-லிருந்து 8 போனால் 4. இரண்டாவதில் சிறிய எண் மைனஸ் 18. அதைக் கழித்தால் கூட்டலாகிவிடும். 34-ம் 18-ம் சேர்ந்து 52. நிறைய பேர் இந்த இடத்தில் 16 என்று எழுதிவிடுவார்கள்.

4 எங்கே, 52 எங்கே! ஐந்து ஆண்டுகளுக்கு முன் இரண்டிலும் தலா ஒரு லட்சம் போட்டிருந்தால் முதலாவதில் இன்று சுமார் 1,61,000 ரூபாய் இருக்கும். இரண்டாவதில் சுமார் 1,48,700தான். சராசரி ஒன்றாக இருந்தும் 12,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஏனென்றால் 18 சதவீதம் இறங்கிய பணம் பழைய நிலைக்கு வர, கிட்டத்தட்ட 22 சதவீதம் ஏற வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் தேதி. மைனஸ் 18 மாதிரி ஓர் ஆண்டு இந்த ஆண்டே வந்துவிட்டால் 4 லட்சம் 3,28,000 ஆகிவிடும். சந்தை மீளட்டும் என்று கல்லூரி காத்திருக்காது.

சரி, வீச்சை மட்டும் வைத்து முடிவெடுக்கலாமா? கூடாது. அது இரண்டே எண்களைப் பார்க்கிறது, நடுவில் இருப்பதெல்லாம் அதன் கண்ணில் படாது. சென்செக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 முதல் 2019 வரை மோசமான ஆண்டு 2011, சுமார் 25 சதவீத இறக்கம். சிறந்த ஆண்டு 2014, சுமார் 30 சதவீத ஏற்றம். வீச்சு 55. முன்னால் இரண்டே ஆண்டுகளைச் சேருங்கள்: 2008-ல் சுமார் 52 சதவீதம் விழுந்தது, 2009-ல் சுமார் 81 சதவீதம் எழுந்தது. வீச்சு 133 ஆகிவிடுகிறது! அதனால் இரண்டு ஃபண்டுகளை ஒப்பிடும்போது ஒரே காலகட்டத்தை எடுங்கள். அதில் ஒரு பெரிய சரிவும் இருக்கட்டும். ஐந்து நல்ல ஆண்டுகளின் வீச்சு எதையும் காட்டாது. ஃபண்ட் நிறுவனம் வெளியிடும் விவரத் தாளான ஃபேக்ட்ஷீட்டில் திட்ட விலக்கமும் (standard deviation) போட்டிருப்பார்கள். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகின்றன என்பதன் அளவு அது. அது எல்லா எண்களையும் கணக்கில் எடுப்பதால் அதையும் பாருங்கள்.

இரண்டாவது ஃபண்ட் இந்தப் பணத்துக்கு வேண்டவே வேண்டாம். முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டுக் கட்டணங்களை வங்கி எஃப்டியில், கட்டணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே முதிர்வடையும்படி தனித்தனியாகப் போடுங்கள். மீதியை வேண்டுமானால் முதல் ஃபண்டில் வைக்கலாம். அதற்கு முன், அது பங்குகளில் எவ்வளவு, கடன் பத்திரங்களில் எவ்வளவு வைத்திருக்கிறது என்று ஃபேக்ட்ஷீட்டில் பார்த்துவிடுங்கள்.