அனாதை ரயிலில் வந்த தாத்தா: பெற்றோரை எங்கே தேடுவது?

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவருடைய தாத்தா 1911-ல் ஆறு வயதுப் பையனாக நியூயார்க்கிலிருந்து ‘அனாதை ரயிலில்’ நெப்ராஸ்காவுக்கு வந்து, ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தவர். பெற்றவர்கள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தேடலை நியூயார்க்கில் தொடங்காதீர்கள்; அவர் வந்து இறங்கிய ஊரில் தொடங்குங்கள். ஆதரவற்ற நகரத்துப் பிள்ளைகளைத் தொண்டு அமைப்புகள் ரயிலில் ஏற்றி, வளர்க்க முன்வந்த கிராமப்புறக் குடும்பங்களுக்கு அனுப்பியதுதான் ‘அனாதை ரயில்’. 1854 முதல் 1929 வரை சுமார் 2 லட்சம் பிள்ளைகளை இப்படி அனுப்பினார்கள். அனுப்பியவை பல அமைப்புகள், பதிவேடுகளும் சிதறிக் கிடக்கின்றன. எந்த அமைப்பு என்று தெரியாமல் கடிதம் போட்டால் மாதக்கணக்கில் வீணாகும்.

குடும்பத்துப் பேச்சிலேயே தடயம் இருக்கும். வளர்த்தவர்கள் கத்தோலிக்கர்களா? பங்குத்தந்தை மூலம் முன்கூட்டியே கேட்டு வாங்கினார்களா? பையன் சட்டையில் எண் தைத்திருந்ததாகச் சொல்வார்களா? அப்படியென்றால் கன்னியாஸ்திரீகள் நடத்திய, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான விடுதியான நியூயார்க் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடலை முதலில் கேளுங்கள். தேவாலயத்திலோ நாடகக் கொட்டகையிலோ பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஊரார் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், சார்லஸ் லோரிங் பிரேஸ் 1853-ல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியாக இருக்கலாம். அதன் பழைய ஆவணங்கள் நியூயார்க் ஹிஸ்டாரிகல் சொசைட்டியில் உள்ளன. கான்சஸ் மாநிலம் கான்கார்டியாவில் இருக்கும் நேஷனல் ஆர்ஃபன் ட்ரெயின் காம்ப்ளெக்ஸுக்கும் எழுதிக் கேளுங்கள். ரயிலில் வந்தவர்களைப் பற்றிய தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து உள்ளூர் செய்தித்தாள். பிள்ளைகள் வருவதற்கு முன்பே அறிவிப்பு வரும்; வந்தபின் யார் வீட்டுக்கு யார் போனார்கள் என்று சில தாள்கள் பெயரோடு போட்டன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ தளத்தில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் பார்க்கலாம். பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்: அச்சு மங்கலாக இருப்பதால் கணினி எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கும். ஊரையும் ஆண்டையும் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

1920 மக்கள்தொகைக் கணக்கில் ‘உறவு’ என்ற பத்தியைக் கவனியுங்கள். ‘மகன்’ என்றுதான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வளர்ப்புப் பிள்ளை, தங்கியிருப்பவர், வேலையாள் என்றுகூடப் பதிந்திருப்பார்கள். 1910 கணக்கில் அவர் நியூயார்க் விடுதி ஒன்றின் பட்டியலில் இருக்கக்கூடும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: ‘அனாதை’ என்ற சொல்லை நம்பிப் பெற்றோரின் இறப்புப் பதிவையும் தத்துப் பத்திரத்தையும் தேடுகிறார்கள். வந்த பிள்ளைகளில் ஏராளமானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமையும் நோயும்தான் பிரித்தன. சட்டப்படி தத்தெடுக்கப்படாமலே வளர்ந்தவர்களும் மிகப் பலர். அதனால் அதே 1910 கணக்கில் தாயை உயிரோடு இருப்பவராகவே தேடுங்கள். நியூயார்க் நகர ஆவணக்காப்பகம் 1909 வரையிலான பிறப்புப் பதிவுகளை இணையத்தில் ஏற்றி வருகிறது.

தாத்தாவுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு எண்) இருந்திருந்தால், அதற்கு அவர் கொடுத்த எஸ்எஸ்-5 விண்ணப்பத்தின் நகலைக் கட்டணம் கட்டி வாங்குங்கள். பெற்றோர் பெயரை அவரே எழுதியிருப்பார். வளர்த்தவர்கள் பெயரைப் போட்டவர்களும் உண்டு என்பதால் மற்ற பதிவுகளோடு ஒப்பிட வேண்டும்.

டிஎன்ஏ ஒற்றுமையை வைத்தும் தாத்தாவின் ரத்த உறவுகளைத் தேடலாம். பரிசோதனையைத் தாத்தாவின் பிள்ளைகளில் உயிரோடு இருப்பவருக்குச் செய்யுங்கள். ஒரு தலைமுறை தள்ளினால் பகிர்வு பாதியாகும். தாத்தாவின் உடன்பிறப்புகளுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் கணவருடன் சராசரியாக 230 சென்டிமார்கன் (டிஎன்ஏ பகிர்வை அளக்கும் அலகு) பகிர்வார்கள்.

அமைப்புக்கு எழுதும்போது தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும், உங்கள் கணவர் அவருடைய பேரன் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்புங்கள். கூடப் பிறந்தவர்கள் யாரும் அதே விடுதியில் சேர்க்கப்பட்டார்களா என்று தனியாகக் கேளுங்கள். அண்ணன் தம்பிகளை வேறு வேறு ஊர்களில் இறக்கிவிட்டதும் நடந்திருக்கிறது.